முன் பல் கறுத்தால் என்ன செய்வது?



சென்ற முறை சர்க்கரை வியாதிக்காரர்கள் காலைப் பாதுகாப்பது எப்படி என்று பார்த்தோம். இந்த முறை காலை விட்டு வாய்க்கு வருவோம்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் சிரிக்கும்போது சட்டென்று கையை வாய்க்குக் கொண்டுபோவதைக் கவனித்திருக்கிறீர்களா? வெட்கம் என்று நாம் நினைக்கிறோம். பல பேருக்கு அது வெட்கம் அல்ல. முன் பல்லில் உள்ள கறையை மறைக்கிறார்கள். ஒரு பல் கறுத்திருக்கும், அல்லது எல்லாப் பல்லும் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். வேலைக்கு மனுப் போட்டு நேர்முகப் பேட்டிக்குப் போனாலும், பெண் பார்க்க ஆட்கள் வந்தாலும் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள்.

"பல்லுதானே டிரசர், அதிலே என்ன பெரிய சங்கதி?" என்று கேட்காதீர்கள். முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு கல்யாண வீட்டுக் கதை

நம் மாநிலத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண். பெயர் வேண்டாம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா உரம் போடுகிறவர். அந்தப் பெண் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து முன் பல்லில் அடிபட்டது. பல் உடையவில்லை, ஆடவும் இல்லை. இரண்டு நாளில் வலி நின்றுவிட்டதால் வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். சில வருடம் கழித்து அந்த ஒரு பல் மட்டும் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்துப்போனது.

கல்யாணம் நிச்சயமானது. போட்டோவில் பல் கறுப்பாகத் தெரியுமே என்று பிள்ளைக்குக் கவலை. கைப்பேசியில் ஒரு விளம்பரம் பார்த்தாள். ஆறு பல்லுக்கு "வெனியர்", ஒரே மணி நேரம், சில நூறு வெள்ளி. பட்டணத்தில் ஓர் அழகு நிலையத்துக்குப் போனாள். அங்கே எக்ஸ்ரே இல்லை, பரிசோதனை இல்லை. பல்லை ஏதோ கருவியால் உரசிவிட்டு, வெள்ளைப் பசையை வரிசையாகப் பூசி, விளக்கு வெளிச்சம் காட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது பல் எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அம்மாவுக்கும் சந்தோஷம்.

மூன்றாவது வாரம் ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, இரவு பத்து மணிக்கு, அந்தத் தாய் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஐயா, இவளைக் கொஞ்சம் பாருங்க. மூஞ்செல்லாம் வீங்கிப்போச்சு, காய்ச்சல் கொதிக்குது." மேலுதடும் கன்னமும் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. தோட்ட ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிற விஷயம் அல்ல அது. உடனே வண்டி பிடித்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

அங்கே விவரம் தெரிந்தது. அடிபட்ட அந்தப் பல் உள்ளே செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. அந்தப் பல்லை மேலே வெள்ளை பூசி மூடிவிட்டார்கள். அதைக் காப்பாற்ற முடியாமல் பிடுங்கினார்கள். பக்கத்தில் நன்றாக இருந்த பற்களை உரசிவிட்டதால், தண்ணீர் குடித்தால்கூட இன்றைக்கும் அவளுக்குக் கூசுகிறது.

தோழர்களே, அந்தப் பிள்ளைக்கு வெனியரே தேவைப்படவில்லை. ஒரே ஒரு பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்து, அதே பல்லை உள்ளிருந்து வெளுக்க வைத்திருந்தால் போதும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: கறை ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் கறையை மூடாதீர்கள்.

பல்லின் பட்டை

பால் வெட்டுகிற தோழர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ரப்பர் மரத்தில் வெளியே பட்டை, உள்ளே கட்டை. கத்தி அளவோடு போனால் பால் வரும், ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். பல்லுக்கும் அப்படி அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பது எனாமல். நம் உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள் அதுதான், எலும்பைவிடக் கெட்டி. அதற்கு உள்ளே டெண்டின் என்னும் மஞ்சள் நிற அடுக்கு. நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பகுதி. அதுதான் பல்லின் உயிர்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ரப்பர் மரத்தில் வெட்டிய பட்டை சில வருடத்தில் திரும்ப வளரும். பல்லின் எனாமல் ஒரு தடவை போனால் போனதுதான். அதை உண்டாக்கும் அணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகையால் உங்கள் பல்லில் ஒருவர் கருவியை வைக்கிறார் என்றால், திரும்ப வளராத ஒன்றை வெட்டுகிறார் என்று நினைவில் வையுங்கள்.

கறை எங்கிருந்து வருகிறது?

கறை இரண்டு வகை. பல்லின் மேலே படிவது ஒன்று, பல்லுக்குள்ளேயே இருப்பது மற்றொன்று.

மேலே படியும் கறை நமக்குப் பழக்கமானது. வெற்றிலை பாக்கு, புகையிலை, சுருட்டு, சிகரெட், கட்டித் தேநீர், கோப்பி ஓ எல்லாம் கறை பிடிக்கும். இரத்தச் சோகைக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து டானிக்கும், குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தை நீண்ட நாள் பயன்படுத்துவதும் பல்லைக் கறுக்க வைக்கும். இந்தக் கறைகளை எல்லாம் பல் மருத்துவமனையில் சுத்தம் செய்து எடுத்துவிடலாம். மூடி மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளே இருக்கும் கறைக்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, அடிபட்ட பல். மேலே சொன்ன பெண்ணின் கதை. ஒரே ஒரு பல் மட்டும் கறுத்தால் பெரும்பாலும் அது செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது செத்துவிட்டது. வலி இல்லையே என்று ஏமாறாதீர்கள். செத்த பல்லுக்கு வலி தெரியாது. சீழ் பிடித்த பிறகுதான் தெரியும்.

இரண்டாவது, சொத்தை. முன் பல்லின் இடுக்கில் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் சொத்தையாக இருக்கலாம். முன்பு அடைத்த அடைப்பு பழையதாகி நிறம் மாறியும் இருக்கலாம்.

மூன்றாவது, டெட்ராசைக்ளின் மருந்து. 1948இல் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துக் குடும்பம் இது. பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்துதான். ஆனால் பல் உருவாகும் வயதில் கொடுத்தால், அது சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பல்லுக்குள்ளேயே தங்கிவிடும் என்பது 1950களில் தெரிய வந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்து, குறுக்கே கோடு கோடாக, எல்லாப் பல்லிலும் தெரியும். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கு இந்த மருந்தைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று ஐம்பது அறுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஐயா அம்மாமார்களே, பல் ஒழுங்காக விளக்கவில்லை என்று சின்ன வயதில் நீங்கள் அடி வாங்கியிருந்தால், தப்பு உங்கள் மேல் இல்லை. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்று எங்களைப் போன்றவர்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையை எடுத்துப் பிள்ளைக்குப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நான்காவது, தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு உப்பு. இது அளவோடு இருந்தால் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும். அளவு மீறினால் பல் சுண்ணாம்பு வெள்ளையாகி, பிறகு பழுப்புப் புள்ளி விழும். 1937லேயே அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்த நோயைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதி. அதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. நம் நாட்டில் நிலைமை வேறு. குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்ப்பது 1972 முதல் அரசாங்கக் கொள்கை. 2005இல் அந்த அளவை லிட்டருக்கு 0.7 மில்லிகிராமிலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 1.5. ஆகையால் நம் குழாய்த் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சின்னப் பிள்ளை பற்பசையை மிட்டாய் மாதிரி விழுங்கினால் வெள்ளைப் புள்ளி வரலாம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பற்பசை போதும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துப்பச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, வயது. வயதாக ஆக எனாமல் தேய்ந்து உள்ளே உள்ள மஞ்சள் தெரியும். தலை நரைப்பது போல இதுவும் இயற்கை. வியாதி அல்ல.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

வெற்றிலைக் கறையை நான் மேலோட்டமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. கறை பல்லில் தெரிகிறது, கேடு கன்னத்தில் இருக்கிறது. பாக்கும், புகையிலை இல்லாத வெறும் வெற்றிலைத் தாம்பூலமும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்துவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது.

எனவே பல்லை வெள்ளையாக்கப் போகிற பாட்டிமார்களே, கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். உள்கன்னத்திலோ நாக்கிலோ வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண் இருக்கிறதா? முன்பு போல வாயை அகலத் திறக்க முடியவில்லையா? காரம் பட்டால் எரிகிறதா? இருந்தால் அன்றைக்கே வாருங்கள். பல் மருத்துவப் பிரிவினர் தோட்டத்துக்கு வாய்ப் பரிசோதனைக்கு வந்தால், "எனக்கு ஒண்ணும் இல்லே" என்று ஒளிந்துகொள்ளாதீர்கள்.

உமிக்கரி, எலுமிச்சை, சோடா உப்பு

"டிரசர், எங்க தாத்தா உமிக்கரியும் செங்கல் தூளும் வச்சுத்தான் தேய்ச்சாரு. பல்லு கல்லு மாதிரி இருந்துச்சு" என்பார்கள். தாத்தாவின் பல் கெட்டியாக இருந்ததற்குக் காரணம், அவர் நாளெல்லாம் இனிப்புத் தண்ணீரும் பிஸ்கட்டும் சாப்பிடவில்லை என்பதாக இருக்கலாம். கரியும் செங்கலும் மணல் காகிதம் போல எனாமலைத் தேய்க்கும். எலுமிச்சைச் சாறு அமிலம், அது எனாமலைக் கரைக்கும். முதல் நாள் வெள்ளையாகத் தெரியும். நாளாக நாளாக எனாமல் மெலிந்து, உள்ளே உள்ள மஞ்சள் முன்னைவிட அதிகமாகத் தெரியும். கூச்சமும் வந்து சேரும்.

படிப்படியாகப் போக வேண்டும்

காரணம் தெரிந்த பிறகு சிகிச்சைக்கு வருவோம். செலவும் சேதமும் குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் படி, பல்லைச் சுத்தம் செய்து மெருகிடுதல். அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பலருக்கு இதுவே போதும்.

இரண்டாம் படி, சொத்தை இருந்தால் அடைத்தல், ஈறு நோய் இருந்தால் குணப்படுத்துதல். முன் பல்லுக்கு இப்போது பல்லின் நிறத்திலேயே அடைக்கிறார்கள்.

மூன்றாம் படி, வெளுக்க வைத்தல். பல் மருத்துவர் வாய்க்கு அளவெடுத்த தட்டில் மருந்து வைத்துச் செய்வார். செத்த பல் என்றால் முதலில் வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டும். அதாவது கெட்டுப்போன நரம்பை எடுத்து, வேர்க் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது. பிறகு அந்தப் பல்லை உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் வெளுக்க வைப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

நான்காம் படி, பிசின் பூச்சு. இதைக் காம்போசிட் என்பார்கள். பல் மருத்துவர் பல்லின் நிறத்தில் உள்ள பிசினை மேலே படிய வைத்து வடிவம் கொடுப்பார். பெரும்பாலும் பல்லை அதிகம் வெட்டத் தேவையில்லை. பீங்கானைவிட மலிவு. ஆனால் சில வருடத்தில் கறை பிடிக்கும், நுனி உடையும்.

இவை எதுவும் போதாது என்றால்தான் ஐந்தாம் படியான பீங்கான் தகடு.

பீங்கான் தகடு என்பது என்ன?

இதைத்தான் வெனியர் என்கிறார்கள். பல்லின் முன் பக்கத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு. உங்கள் கைவிரல் நகத்தின் தடிமனை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான், 0.5 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

இது முதலில் சினிமாவுக்காகப் பிறந்தது. 1928 வாக்கில் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் ஹாலிவுட் நடிகர்களுக்குத் தகடு செய்து ஒட்டிவிட்டார். படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டியதுதான், நிற்காது. 1955இல் மைக்கேல் புவனோகோர் என்பவர், எனாமலை இலேசான அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்பக்கத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறை வந்தது. அதற்குப் பிறகுதான் தகடு பல்லோடு பல்லாக நிலைத்து நின்றது.

முறையாகச் செய்தால் இப்படி நடக்கும். முதல் நாள் பல்லையும் ஈறையும் பரிசோதித்து எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு பல்லின் முன்புறத்திலிருந்து மிக மெல்லிய அளவு எனாமலைச் சீவி, அச்சு எடுத்து, பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பல் கூடத்தில் தகடு தயாராகச் சில நாளோ இரண்டு வாரமோ ஆகும். மறுமுறை போகும்போது முதலில் வைத்துப் பார்த்து, உங்களுக்குக் கண்ணாடியில் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே நிரந்தரமாக ஒட்டுவார்கள். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை அல்ல இது.

ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் பராமரித்தால் பத்து வருடத்துக்கு மேல் நிற்கும். பீங்கானில் தேநீர்க் கறை எளிதில் பிடிக்காது. டெட்ராசைக்ளின் கறை, கடுமையான ஃபுளோரைடு கறை போன்று வெளுக்க வைத்தும் போகாதவற்றுக்கு இது நல்ல சிகிச்சை. அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் சில உண்மைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். சீவிய எனாமல் திரும்பாது. ஆகையால் தகடு ஒரு நாள் விழுந்தாலோ உடைந்தாலோ மறுபடியும் தகடுதான் போட வேண்டும், வாழ்நாள் முழுக்க அந்தச் செலவு தொடரும். கறை மிகவும் இருட்டாக இருந்தால் மெல்லிய தகட்டுக்கு அடியில் நிழல் தெரியும். தகட்டின் ஓரத்தில் அழுக்குச் சேர்ந்தால் அடியில் சொத்தை வரும். ஈரச் சுவரில் ஓடு பதித்தால் எத்தனை நாள் நிற்கும்? சொத்தைப் பல்லில் ஒட்டிய தகடும் அப்படித்தான்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள், ஈறு நோய் உள்ளவர்கள், வளரும் வயதுப் பிள்ளைகள், பல்லால் புட்டி மூடி திறக்கிறவர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள் அல்ல. தகடு போட்டவர்கள் கரும்பு, எலும்பு, நண்டு ஓடு, கெட்டி முறுக்கு இவற்றை முன் பல்லால் கடிக்கக் கூடாது.

செலவுக் கணக்கு

தனியார் பல் மருத்துவமனையில் பீங்கான் தகடு ஒரு பல்லுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆவது சாதாரணம். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. கணக்குப் பாருங்கள். ஆறு பல்லுக்குப் போட்டால் ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம். கூட்டுக்காசு எடுத்தோ வட்டிக்கு வாங்கியோ செய்ய வேண்டிய காரியமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒரு பல்தான் கறுப்பு என்றால் ஒரு பல்லுக்குத்தான் சிகிச்சை. நல்ல பற்களையும் சேர்த்துச் சீவச் சொல்லும் ஆசையை விடுங்கள்.

போலிகளிடம் சிக்காதீர்கள்

இங்கேதான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். அசல் வேலைக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது, போலி சில நூறில் முடித்துவிடுகிறது. அழகு நிலையம், ஓட்டல் அறை, வாடகை வீடு, சில சமயம் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்து செய்துவிட்டுப் போகிறார்கள். கிருமி நீக்காத கருவியை ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு வைத்தால், கல்லீரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெப்பட்டைட்டிஸ் பி, சி பரவலாம். பல்லையும் பல்லையும் சேர்த்து ஒரே பட்டையாகப் பூசிவிடுவதால் இடுக்கைச் சுத்தம் செய்ய முடியாமல் ஈறு அழுகும்.

நம் மாநிலத்துக்குப் பக்கத்திலேயே, மலாக்காவில், 2017இல் ஒரு வழக்கு நடந்தது. இருபது வயதுப் பெண் ஒருவர் யூடியூப் காட்சிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பல்லுக்குக் கம்பி கட்டிவந்தார். பதிவு இல்லாத கிளினிக் நடத்தியதற்காக நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் விதித்தது. அதற்குப் பிறகு சட்டம் இன்னும் கடுமையாகிவிட்டது. 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. தகுதி இல்லாமல் பல் மருத்துவம் செய்தால் 300,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

தோட்டத்தில் காயத்துக்கு மருந்து கட்டும் எங்களுக்கே பதிவு வேண்டும் என்று 1965இல் தனிச் சட்டம் போட்டார்கள். அப்படியிருக்க, திரும்ப வளராத பல்லைச் சீவுகிறவருக்குப் பதிவு வேண்டாமா?

ஆகையால் யாரிடம் போனாலும் கூச்சப்படாமல் இவற்றைக் கேளுங்கள்:

1. நீங்கள் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா? இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் எங்கே?

2. என் பல் ஏன் கறுத்தது? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா?

3. சீவாமல் சரிசெய்ய வழி உண்டா?

4. எத்தனை பல், மொத்தம் எவ்வளவு? உடைந்தால் யார் பொறுப்பு?

நேர்மையான மருத்துவர் இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே போலியிடம் போட்டுக்கொண்டவர்கள் இருந்தால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நீங்களாகப் பிடுங்கி எடுக்கவும் வேண்டாம், எனாமலும் சேர்ந்து பெயர்ந்துவிடும். பல் மருத்துவரிடம் போங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

சம்பளம் போகுமே என்கிறவர்களுக்கு

"பல்லுக்குப் போனா ஒரு நாள் பேரு போயிடுமே" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, பல் மருத்துவர் பரிசோதித்துத் தரும் எம்.சி.யும் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புதான். இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் என்ற அந்தக் கணக்கிலேயே இதுவும் சேரும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். வெறும் அழகுக்காகப் போவதற்கு எம்.சி. கேட்காதீர்கள். வலி, சீழ், சொத்தை, பல் பிடுங்குதல் இவற்றுக்குக் கேட்பது உங்கள் உரிமை. கொடுக்க மறுத்தால் சங்கத்தின் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். குலை விழுந்தோ, வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தோ பல் போனால், அதையும் விபத்தாக எழுதி வையுங்கள். பெர்கேசோவுக்கு மனுச் செய்ய அந்தப் பதிவு வேண்டும்.

கடைசியாக, பெற்றோருக்கு

பிள்ளை விழுந்து முன் பல்லில் அடிபட்டால், வலி நின்றாலும் ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிலைத்த பல் முழுதாகப் பெயர்ந்து விழுந்துவிட்டால் அதைத் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். முடிந்தால் அதே குழியில் திரும்ப வையுங்கள். முடியாவிட்டால் பசும்பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோங்கள். டின் பால் கூடாது. பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது.

அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தது. மூன்று மாதம் தள்ளி வைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். இப்போது ஒரு கட்டுப்பல் போட்டிருக்கிறாள். போன மாதம் கைக்குழந்தைக்கு ஊசி போட வந்தபோது அவளே சொன்னாள்: "ஐயா, அன்னிக்கு முதல்லே உங்ககிட்டே காட்டியிருந்தா, என் சொந்தப் பல்லோட கல்யாணம் பண்ணியிருப்பேன். மத்த பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் கையால் வாயை மூடிச் சிரிக்கும் பிள்ளை இருந்தால், திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, எந்தப் பல் என்று பாருங்கள். பிறகு பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடுத்த இதழில் மீண்டும் சந்திப்போம்.